ஓலைக்கு நிற்க ஒரு ஆள்

என்வுட்டு என்று ஊர் கூப்பிடுகிற பழைய சுரங்கக் குழிக்குள்ளிருந்து ஓலை வாசிக்கிற குரல் முதன்முதலாகக் கேட்டது ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு, காலை பத்தேகாலுக்கு. தங்கவயலில் சுரங்கத்தை இழுத்துச் சாத்தி இருபது வருஷத்துக்கு மேலாகி, குழியின் வாயை சிமெண்ட் பலகையால் மூடி, அந்தப் பலகை மேல் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதால், முதலில் கேட்டவை ஆடுகள்தான். அவை எழுந்து மரியாதையாகத் தள்ளி நின்றன. அடுத்துக் கேட்டவர் எத்திராஜ், முப்பத்து நாலு வருஷம் அந்தக் குழியில் ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கிய டிரைவர், வேலை போன பிறகும் தினம் காலையில் அங்கே வந்து உட்கார்ந்து ஒரு பீடி பிடிக்காவிட்டால் பொழுது விடியாத மனுஷர்.

"ஜான் டிரெகேர், பிரம்மச்சாரி, கார்ன்வால் தேசம். எலைசா ஹாக்கிங், கன்னிகை, அதே தேசம். இது முதலாம் ஓலை. இவ்விருவரும் விவாகத்தில் இணையக் கூடாதென்பதற்கு நியாயமான தடை அறிந்தவர் எவராகிலும் இப்பொழுதே சொல்லக்கடவர்" என்றது குரல், தொண்டையைக் கொஞ்சம் கனைத்துக்கொண்டு, நல்ல தமிழில்.

எத்திராஜ் பீடியை அணைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். தடை சொல்ல யாரும் இல்லை. எழுந்து நேராகக் கேப்டன் கோயிலுக்கு நடந்து போய், ஆராதனை முடிகிற வரைக்கும் வாசலில் நின்று, கோயில் கிளார்க் சுகிர்தம் வெளியே வந்ததும் சொன்னார்: "யம்மா, கீழே யாருக்கோ கல்யாணம் வச்சிகீறாங்கோ. நீதான் எழுதணும்."

அடுத்த ஞாயிறு சுகிர்தம் பேனாவை எடுத்துக்கொண்டு கூடப் போனாள். எழுதுவது அவள் வேலை; எங்கிருந்து வாசிக்கிறார்கள் என்று விசாரிப்பது அவள் வேலை இல்லை.

ஓலை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, சபையார் எல்லோரும் கேட்க, பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் கோயிலில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள், அதுதான் ஓலை. கேப்டன் கோயிலில் அதற்கு மேலே இன்னொரு வழக்கமும் உண்டு, வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. மூன்றாம் ஓலை வாசிக்கும்போது பெண் வீட்டில் ஒருத்தர், மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தர் எழுந்து நிற்க வேண்டும், வாசிக்கிறவர் புத்தகத்தை மூடுகிற வரைக்கும். அதற்கு 'ஓலைக்கு நிற்கிறது' என்று பேர். ஒரு பக்கம் ஆள் நிற்காவிட்டாலும் ஓலை விழுந்தது விழுந்ததுதான், அந்தக் கல்யாணம் அந்தக் கோயிலில் நடக்காது.

அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் கார்ன்வால்காரர்கள். இங்கிலீஷ் தேசத்தின் வாலில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு முனை அது. வெள்ளீயமும் செம்பும் தோண்டித் தோண்டித் தீர்ந்துபோக, அந்த ஊர் ஆம்பிளைகள் கப்பலேறி, பூமியில் எவன் எங்கே ஓட்டை போட்டாலும் அங்கே போய் நின்றார்கள், ஆஸ்திரேலியாவில் நின்றார்கள், ஆப்பிரிக்காவில் நின்றார்கள், நம் தங்கவயலிலும் வந்து நின்றார்கள். அவர்களில் மேஸ்திரியாக இருந்தவருக்குக் கேப்டன் என்று பட்டம். அவர்கள் போய் நூறு வருஷமான பிறகு, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தாகம் எடுத்த மாதிரி, எங்கள் தாத்தா எங்கே கல்யாணம் கட்டினார், யாரைக் கட்டினார், ஒரு நகல் கிடைக்குமா என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் கடிதம் வர ஆரம்பித்தது. முப்பத்தொரு வருஷமாக அத்தனைக்கும் சுகிர்தம்தான் பதில் எழுதினாள். பதில் ஒன்றேதான்: வருந்துகிறோம், பதிவு இல்லை. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறிலிருந்து இருபது வருஷத்துக் கல்யாணப் புத்தகங்களைக் கரையான் அட்டையோடு தின்று தீர்த்திருந்தது, பாழாய்ப்போன கரையான், அதற்குக் கல்யாணம் என்றால் அவ்வளவு ருசி.

இப்போது கரையான் தின்றதையெல்லாம் குழி வரிசையாக வாசித்தது. சுகிர்தம் புதுப் பதிவேடு ஒன்று போட்டு ஞாயிறு தவறாமல் எழுதினாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நன்றாகவே எடுத்துக்கொண்டது. கோயில் கமிட்டி நாலு மணி நேரம் கூடி, வாசிக்கிறவர் சம்பளப் பட்டியலில் இல்லாவிட்டாலும் வாசிப்பது முறைப்படிதான் இருக்கிறது என்று தீர்மானம் போட்டது. பாஸ்டர் தேவசித்தம் தன்னுடைய ஆராதனையை ஒன்பது மணிக்கு மாற்றினார். பக்கத்து மாதா கோயிலில் பூசையை எட்டுக்கு மாற்றினார்கள். முருகன் கோயில் ஒலிபெருக்கி பத்திலிருந்து பதினொன்று வரை தானாகவே வாயை மூடிக்கொண்டது. டீக்கடைக்காரர் குழிப்பக்கம் பெஞ்சு போட்டார். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகள் தங்கள் பேரைச் சீட்டில் எழுதிப் பலகை இடுக்கு வழியே உள்ளே போட்டுப் பார்த்தார்கள். குரல் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை, அதற்கு வரிசை என்று ஒன்று இருந்தது.

மூன்றாம் ஓலையில்தான் சிக்கல் வந்தது. ஜான் டிரெகேருக்கும் எலைசாவுக்கும் மூன்றாம் ஓலை வாசித்து, குரல் காத்திருந்து, யாரும் எழுந்து நிற்காததால் அடுத்த ஞாயிறு மறுபடி முதலாம் ஓலையிலிருந்து ஆரம்பித்தது. அதுவும் ஆயிற்று, மறுபடியும். மூன்று சுற்று வாசித்துவிட்டு அந்த ஜோடியைக் கைகழுவி அடுத்த ஜோடிக்குப் போய்விட்டது. "ஆள் நிக்கணும்யா. மணி அடிக்காம கூண்டு நகருமா?" என்றார் எத்திராஜ், அவருக்கு மட்டும்தான் அது புரிந்தது. அடுத்த ஜோடிக்கு அவரே நின்று பார்த்தார். குரல் மசியவில்லை. அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும்.

பிறகென்ன, சுகிர்தம் தன் முப்பத்தொரு வருஷக் கடிதக் கட்டுகளைப் பிரித்தாள். வருந்துகிறோம் என்று எழுதிய ஒவ்வொரு முகவரிக்கும், இன்னார் ஓலை இன்ன தேதியில் வாசிக்கப்படும், உங்கள் வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும் என்று எழுதினாள். வந்தார்கள் ஐயா, வராமல் இல்லை. வர முடியாதவர்கள் போனில் வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒருத்தர் தன் சமையலறையில் அரைக்கால் சட்டையோடு எழுந்து நிற்க, எத்திராஜ் அந்தப் போனைக் குழி வாயில் பிடித்துக்கொண்டிருக்க, குரல் ஒரு நொடி யோசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிய சத்தத்தை நூறு பேர் கேட்டார்கள். அந்த மனுஷர் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதார். நகல் கிடைத்தவர்கள் நன்றி எழுதினார்கள், படம் அனுப்பினார்கள், பிறந்த குழந்தைக்குச் சுகிர்தம் என்று பேர் வைத்து, அதைச் சொல்ல வராமல் அவர்கள் படுகிற பாட்டையும் எழுதினார்கள்.

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் கல்யாணப் பதிவு எழுதிக் கொடுத்த சுகிர்தத்தின் வீட்டுக்கு ஊரில் என்ன பேர் தெரியுமா? ஓலை விழுந்த வீடு.

அவளுடைய கொள்ளுப்பாட்டி ரூத்தம்மா, வடாற்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண், சுரங்கத்து மேட்டில் கல் பொறுக்கியவள். அவளைக் கட்ட விரும்பியவன் ஹென்றி பாஸ்கோ என்கிற கார்ன்வால்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலாம் வருஷம் மே மாதம் அவர்களுக்கு மூன்றாம் ஓலை வாசித்தபோது, ரூத்தம்மாவுக்கு அவள் அண்ணன் நின்றான். சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அப்பால் இருக்கிற வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கேப்டன்தான் எப்போதும் நிற்பார். அன்றைக்கு அவர் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊரில் இவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்றார் பிறகு. அவள் செத்துப்போய்க் கடிதம் வந்துவிட்டது என்று ஹென்றி சொன்னதை அவர் நம்பவில்லை. உண்மையான காரணம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓலை விழுந்தது. இருவரும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஒரு பெண் பிறந்தாள், நாலு வருஷம் கழித்துச் சுரங்கத்தில் பாறை வெடித்து ஹென்றி செத்துப்போனான்.

அந்த நாளிலிருந்து பாஸ்கோ வீட்டுப் பெண்களுக்கு ஓலையைச் சபையில் வாசிப்பதில்லை. கோயிலுக்குப் பின்னால் பாஸ்டர் அங்கி மாட்டுகிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முணுமுணுவென்று வாசித்து முடிப்பார்கள். சுகிர்தத்தின் அம்மாவுக்கு அப்படித்தான், சுகிர்தத்துக்கும் அப்படித்தான். குழி வாசிக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிற இப்போது, அவள் மகள் ஷெரினுக்கு வருகிற ஆகஸ்டில் கல்யாணம். ஷெரின் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள், இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரெண்டு கையெழுத்து போட்டா ஆச்சும்மா. ரூம்ல வாசிச்சா என்ன, ஹால்ல வாசிச்சா என்ன? யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்டி" என்றாள் சுகிர்தம். "எத்தனை பேர் பேரை நான் எழுதியிருக்கேன். என் பொண்ணு பேரைக் கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்க விடமாட்டேன்."

கமிட்டியில் கேட்டாள். செக்ரட்டரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க சிஸ்டர், வழக்கம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. ரூத்தம்மாவுக்கு ஒரு பதிவு இருந்தா காட்டுங்க, ஹால்லயே வாசிச்சிடலாம்" என்றார்.

அடுத்த மாதம், மார்ச்சில், குழி அந்தப் பேர்களை வாசித்தது. "ஹென்றி பாஸ்கோ, மனைவியை இழந்தவர். ரூத்து, கன்னிகை. இது முதலாம் ஓலை." சுகிர்தத்தின் பேனா நின்றுவிட்டது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு ரூத்தம்மாவுக்காக சுகிர்தம் நின்றாள். ஹென்றிக்கு யாரும் இல்லை. அவளும் ஹென்றியின் வாரிசுதானே என்று பாஸ்டர் தேவசித்தம் வாதம் செய்து, இரண்டாம் சுற்றில் ஷெரினை ரூத்தம்மாவுக்கும் சுகிர்தத்தை ஹென்றிக்கும் நிறுத்திப் பார்த்தார். குரல் ஏற்கவில்லை, ஒரு வீட்டு ஆளே இரண்டு பக்கமும் நிற்பது அதற்குச் சம்மதமில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுற்று. மே மாதக் கடைசி ஞாயிறு மூன்றாம் ஓலை, அதிலும் ஆள் இல்லையென்றால் அந்தப் பேர்களைக் குழி இனி எந்தக் காலத்திலும் வாசிக்காது.

ஹென்றி வீட்டு ஆள் ஒருத்தி இருந்தாள். அது சுகிர்தத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கார்ன்வாலிலிருந்து மோர்வென்னா பாஸ்கோ என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தாள்: என் கொள்ளுத்தாத்தா ஹென்றி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார், பிறகு திரும்பவே இல்லை, அங்கே அவருக்குக் கல்யாணம் ஏதும் ஆனதாகப் பதிவு உண்டா? அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுகிர்தம் ஒரு வாரம் சுற்றினாள். அப்புறம் எல்லோருக்கும் எழுதுகிறதையே எழுதினாள். வருந்துகிறோம், பதிவு இல்லை. எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் அவள் வாழ்க்கையில் எழுதிய பொய் அது ஒன்றுதான், அது அவளுக்கே தெரியும். ஓலை விழுந்த வீடு என்று சொந்தக் கையாலேயே கடல் கடந்து எழுதி அனுப்ப அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது ஆறு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏழாவதில் எழுதினாள்: 'பதினோரு வருஷத்துக்கு முன்னால் உங்களுக்குப் பதிவு இல்லை என்று எழுதியவள் நான்தான். பதிவு இல்லை என்பது நிஜம். ஆனால் நான் இருக்கிறேன். நான் ஹென்றி பாஸ்கோவின் மகளுடைய பேத்தி. உங்களிடம் மறைத்ததற்கு மன்னியுங்கள்.' மே கடைசி ஞாயிறு ஓலை வாசிக்கப்படும் என்று தேதியை எழுதினாள். வந்து நில்லுங்கள் என்று மட்டும் எழுதவில்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போனவனுக்காக எழுந்து நில் என்று எந்த வாயால் கேட்பது?

ஒரு வரியில் பதில் வந்தது. வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மாரிகுப்பம் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள், எழுபத்தொரு வயது, ஆறடிக்கு நாலு விரல் குறைவு, முட்டி இரண்டும் தேய்ந்து கைத்தடியோடு, ஒரு தகர டப்பா நிறையக் குங்குமப்பூ போட்ட பன்னோடு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவளாம். எத்திராஜுக்கு அதைக் கேட்டதும் பிடித்துப்போயிற்று. "நீ ஜனத்தைக் குறுக்கால கொண்டு போனே, நான் கீழால கொண்டு போனேன், அவ்ளோதாம்மா வித்தியாசம்" என்றார். சுகிர்தம் அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மாள் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். சாம்பல் நிறக் கண். தங்கவயலில் அந்த நிறக் கண் சுகிர்தத்துக்கும் ஷெரினுக்கும் மட்டும்தான் உண்டு. ஊர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் அவளுக்கு மோரம்மா என்று பேர் வைத்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் சுகிர்தம் வீட்டில் சாப்பாடு. முட்டைக் குழம்பை மூக்கில் தண்ணீர் வரச் சாப்பிட்டுக்கொண்டே, கேப்டன் அன்றைக்கு எழுந்து நிற்காத கதையைக் கேட்டுவிட்டு, மோர்வென்னா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். ஹென்றியின் முதல் மனைவி லவ்டேயை அடக்கம் செய்த பதிவின் நகல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு, ஜனவரி.

"உங்க கேப்டன் சொன்னது தப்பு. அவள் இறந்துதான் போயிருந்தாள். கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை" என்றாள்.

சுகிர்தத்துக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் மோர்வென்னா கேட்டாள்: "நாளைக்கு நான் எழுந்து நிக்கணும்னு பாஸ்டர் சொன்னார். நீங்க ஏன் சொல்லலை?"

"கேக்க மனசு வரலை."

"என் தாத்தாவுக்கு அப்போ நாலு வயசு. அம்மா செத்துட்டா. அந்த ஆள் பிள்ளையைக் கூப்பிட்டுக்கவும் இல்லை, வந்து பார்க்கவும் இல்லை. அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்து வளர்ந்தார் தாத்தா. அஞ்சு வயசிலிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டை வரும், இந்தியாவிலிருந்து, கையால தைச்சது, ஒவ்வொரு வருஷமும் ஒரு அளவு பெரிசா. கடிதம் கிடையாது, வெறும் சட்டை. பதினாறு வயசு வரைக்கும் வந்துதாம். ஒரு சட்டையை அனுப்பிட்டா அப்பன் ஆயிடலாமா? அவருக்காக நான் எதுக்கு எழுந்திருக்கணும், சொல்லுங்க."

சுகிர்தம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாலு வயசு, பதினாறு வயசு. "பதினாறு வயசுன்னா எந்த வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு."

"அவர் எட்டிலேயே போயிட்டாரே" என்றாள் சுகிர்தம். "சுரங்கத்துல. கல்லறை இருக்கு, நாளைக்குக் காட்டறேன்."

மோர்வென்னா எட்டிலிருந்து பதினாறு வரைக்கும் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்போ யார் அனுப்பினது?" என்றாள் மோர்வென்னா.

சுகிர்தத்துக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் நாளைக்குக் காரியம் ஆகிவிடும், ஷெரின் பேர் சபையில் கேட்கும். ஆனால் முப்பத்தொரு வருஷம் பதிவேடு எழுதிய கை. ஒரு தடவை இந்த அம்மாளிடம் நழுவியதே போதும். "ரூத்தம்மான்னு சொல்ல எனக்கு ஆசையாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். நீங்க நிக்க வேணாம். நீங்க வந்ததே பெரிசு."

மோர்வென்னா தாளைப் பைக்குள் வைத்தாள். தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை குழிப்பக்கம் உட்கார இடமில்லை. மாதா கோயில்காரர்கள், முருகன் கோயில்காரர்கள், கமிட்டி செக்ரட்டரி, லீவு போட்டுவிட்டு வந்த ஷெரின், ஆடுகள், எல்லோரும் இருந்தார்கள். முன் பெஞ்சில் மடியில் பதிவேட்டோடு சுகிர்தம். அதற்குப் பின் பெஞ்சில் மோர்வென்னா, இரண்டு கையும் தடி மேல்.

பத்தேகாலுக்குக் குரல் தொண்டையைக் கனைத்தது. "ஹென்றி பாஸ்கோ, மனைவியை இழந்தவர், கார்ன்வால் தேசம். ரூத்து, கன்னிகை, இவ்வூர். இது மூன்றாம் ஓலை."

சுகிர்தம் எழுந்து நின்றாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குழியையே பார்த்தாள். நூற்று இருபது வருஷத்துக்கு முன்னால் கோயிலுக்குள் இருந்த மௌனம் இப்போது வெட்டவெளியில் இருந்தது. செக்ரட்டரி கண்ணாடியைத் துடைத்தார். எத்திராஜ் கடவுளையும் கேப்டனையும் ஒரே மூச்சில் திட்டினார்.

அப்போது அவள் பின்கழுத்தில் ஒரு விரல் பட்டது.

"இது என்ன?" என்றாள் மோர்வென்னா பின்னாலிருந்து. சுகிர்தத்தின் ரவிக்கையில் பின்கழுத்து ஓரமாக, சிவப்பு நூலில், மிளகு அளவுக்கு ஒரு சிலுவை தைத்திருந்தது. உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவளின் கண்ணில் நேராகப் படுகிற இடத்தில் இருந்தது அது.

"கண்ணு படாம இருக்கறதுக்கு" என்றாள் சுகிர்தம் திரும்பாமலே. "எங்க வீட்டுப் பழக்கம். எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு எது தைச்சாலும் பின்னாடி இதைப் போட்டுதான் முடிப்போம். ரூத்தம்மா ஆரம்பிச்சது. வேற யாரும் போட மாட்டாங்க."

"எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு" என்று மோர்வென்னா திருப்பிச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. "கடைசிச் சட்டையைத் தாத்தா தூக்கிப் போடவே இல்லை. என் அப்பா எனக்குக் காட்டியிருக்கார். அந்தச் சட்டைக் கழுத்துல இது இருக்கு."

தடி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. பெஞ்சு கிறீச்சிட்டது. ஒரு பெரிய கை சுகிர்தத்தின் தோளைப் பிடித்து அழுத்த, அந்த அழுத்தத்தில் சுகிர்தம் ஒரு பக்கம் சாய, பஸ் ஓட்டின அந்த ஆறடி உடம்பு முட்டி இரண்டும் நொறநொறவென்று சத்தம் போட மேலே எழுந்து நின்றது.

"அந்த ஆளுக்காக இல்லை" என்று குழியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள் மோர்வென்னா, இங்கிலீஷில்தான், ஆனால் புரியாதவர் அங்கே யாரும் இல்லை. "பார்க்காத பிள்ளைக்குப் பன்னிரண்டு சட்டை தைச்சாளே, அவளுக்காக நிக்கறேன். எங்க வீட்டு சார்பா நிக்கறேன். நன்றின்னு அவகிட்ட சொல்லுங்க."

குழி யோசித்தது. பிறகு புத்தகம் மூடுகிற சத்தம், நல்ல கனமான அட்டை, தொப்பென்று. எத்திராஜ் ஓடிப்போய், ஆட்கள் மேலே வருகிறார்கள் என்பதற்கு அந்தக் காலத்தில் அடிக்கிற மூன்று மணியைத் தண்டவாளத் துண்டில் அடித்தார், அடித்துக்கொண்டே அழுதார். ஷெரின் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஹால்லயே வாசிக்கச் சொல்லும்மா, மைக் போட்டு வாசிக்கச் சொல்லு" என்றாள். செக்ரட்டரி தானாகவே முன்னால் வந்து, "ஆகஸ்ட் முதல் ஞாயிறுங்களா சிஸ்டர்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சுகிர்தம் பதிவேட்டைத் திறந்து அப்படியே நின்றபடி எழுதினாள். மாப்பிள்ளை பேர், பெண் பேர், ஓலைக்கு நின்றவர்கள் பேர். கண்ணீர் ஒரு சொட்டு மை மேல் விழுந்து பரவியது, அதைத் துடைக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, ஜனங்கள் டீக்குக் கலைந்து போயிருந்தார்கள், மோர்வென்னா மட்டும் அவள் தோளைப் பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"புத்தகத்தை மூடியாச்சுங்க. போதும், உட்காருங்க, முட்டி வலிக்கும்" என்றாள் சுகிர்தம்.

"வலிக்கத்தான் வலிக்குது" என்றாள் மோர்வென்னா. "நூத்தி இருபது வருஷம் தாமதமா எழுந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேனே."